கஸ்பாரின் பெயரை அழித்தவன்

பெயரை அழித்தது நான்தான்.

ஜெனிட்டா அக்கா இல்லை. அந்தப் பட்டியலில் அவள் ஓர் எழுத்தைக்கூடத் தவறாகத் தொட்டதில்லை. மூன்று முறையும் அழித்தது என் கை, நான் எழுதிய ஸ்கிரிப்ட். பழி போனதோ அவள் தலையில். போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றவனும் நானே!

"தெரியாமல் நடந்ததுதானே" என்று நீங்கள் சொல்ல வருகிறீர்கள். அவசரப்படாதீர்கள். தெரியாமல் நடந்த பகுதி சின்னது. தெரிந்து செய்தது பின்னால் வருகிறது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சந்தேகப் பிராணி. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். டீக்கடையில் தம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்காமல் வாயில் வைக்க மாட்டேன். எவனாவது என்னைப் புகழ்ந்தால் இவனுக்கு என்ன வேண்டுமோ என்றுதான் முதலில் தோன்றும். உங்களைக்கூட நான் நம்பவில்லை... இதைப் படித்துவிட்டு யாரிடம் போய்ச் சொல்வீர்களோ, யார் கண்டது!

சொந்த ஊர் விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம். மழையை நம்பிப் பருத்தியும் மிளகாயும் போடுகிற ஊர். கடற்கரைக்காரர்களின் வழக்கம் எதுவும் தெரியாமல்தான் தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்தேன்.

பழைய துறைமுகத்துக்கு எதிரே ஒரு சிறிய ஏஜென்சி. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளுக்குக் காகித வேலை பார்ப்பது எங்கள் தொழில். அலுவலகத்தில் மூன்றே பேர். முதலாளி, அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். பட்டியல்களைத் தட்டச்சு செய்யும் ஜெனிட்டா அக்கா. அப்புறம் நான், மாரி.

வெங்காயமோ உருளைக்கிழங்கோ ஜல்லியோ, எதை ஏற்றினாலும் தோணி புறப்படும் முன் இரண்டு பட்டியல்கள் துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். ஒன்று சரக்குப் பட்டியல். இன்னொன்று ஆள் பட்டியல். தோணியில் போகிறவர்களின் பெயர், ஊர், அடையாளத்துக்குக் கையில் வைத்திருக்கும் கடலோடிப் புத்தகத்தின் எண். ஆள் பட்டியலில் பெயர் இல்லாதவன் துறைமுக வாசலைத் தாண்ட முடியாது. தோணி அவனைக் கரையில் விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த பயணம் வரைக்கும் அவன் வீட்டில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அக்கா தன் கணினியில் பட்டியலை அடிப்பாள். அதே கோப்பை நான் என் கணினியில் திறந்து, ஒழுங்குபடுத்தி, அச்செடுப்பேன். பிரிண்டர் என் மேசையில் மட்டும்தான் இருந்தது.

ஒழுங்குபடுத்துவது என்றால் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்துவதில்லை. நான் பயன்படுத்துவது நிரலர்களின் எடிட்டர். நமக்கு வேண்டிய ஸ்கிரிப்டை, அதாவது கணினிக்கான கட்டளை வரிகளை, நாமே எழுதி அதற்குள் வைத்துக்கொள்ளலாம். எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு விசையைத் தட்டினால் போதும். அது உள்ளே போய்த் திருந்தி, வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வெளியே எங்கும் போக வேண்டாம். முதன்முதலில் அதைச் செய்து பார்த்த அன்று எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே... அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது!

பிறகு அந்த விசையைத் தட்டுவதற்கும் சோம்பலாகிவிட்டது. சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்ட் தானாகவே ஓடும்படி வைத்தேன். பட்டியலைச் சேமித்தால் போதும். தேவையற்ற இடைவெளி போகும், பத்திகள் நேராகும், வரிசை எண் புதிதாகப் போடப்படும், கடைசியில் மொத்தம் எத்தனை ஆள் என்று கூட்டி எழுதும்.

இன்னொன்றும் செய்யும். திரும்ப வந்த பெயரை நீக்கும்.

அதை ஏன் சேர்த்தேன் தெரியுமா? ஒருமுறை அக்கா ஒரே ஆளை இரண்டு தடவை அடித்துவிட்டாள். அவருடைய பழைய புத்தக எண்ணோடு ஒரு வரி, புதிய எண்ணோடு ஒரு வரி. துறைமுகத்தில் அண்ணாச்சியை நிற்க வைத்துக் கேட்டுவிட்டார்கள். "ஐயோ தம்பி, ரெண்டு புஸ்தகமும் மேசையில கெடந்துச்சு, அப்படியே அடிச்சுட்டேன்" என்று அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று மாலையே ஸ்கிரிப்டில் நான்கு வரிகளைச் சேர்த்தேன். பெயரும் ஊரும் ஒன்றாக இருந்தால் முதல் வரியை வைத்துக்கொள், அடுத்ததை எடுத்துவிடு. எண்ணைப் பார்க்காதே, எண்தான் மாறுகிறதே!

அவளிடம் சொல்லவில்லை. அவளை நம்பாமல் எழுதிய வரிகளை அவளிடமே எப்படிச் சொல்வது?

அது சரக்கு நெரிசலில் எழுதியது. பிறகு மழைக்காற்றுக் காலம் வந்து தோணிகள் நின்றன. நான் அந்த நான்கு வரிகளை மறந்தே போனேன்.

அந்த ஓய்வுக் காலத்தில்தான் அக்காவின் வீட்டில் ஒரு காரியம் கெட்டது. அவள் தங்கைக்கும் ஆலந்தலை கஸ்பாருக்கும் கல்யாணம் பேசி, மாதா கோயிலில் முதல் ஓலையும் வாசித்துவிட்டார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று பூசையில் ஊரறியப் படிப்பது அது. இரண்டாம் ஓலைக்கு முந்தைய நாள் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அக்கா இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது கண் வீங்கியிருந்தது.

"ஓலை வாசிச்ச பொறவு இப்படிச் செய்யலாமா தம்பி? அவன் நல்லாருப்பானா?" என்றாள். ஒரே ஒரு முறை சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தை நான் எப்படி எடுத்துவைத்துக்கொண்டேன் என்பதைப் பின்னால் பார்ப்பீர்கள்.

காற்று அடங்கியதும் தோணிகள் புறப்பட்டன. அந்தக் கஸ்பார் அந்தப் பருவத்தில்தான் நாங்கள் காகித வேலை பார்க்கும் ஒரு தோணிக்குப் புதிதாக வந்தான். அதே தோணியில் அவனுடைய பெரியப்பா மகன் ஏற்கனவே இருந்தான். அவன் பெயரும் கஸ்பார். ஊரில் யாரும் குழம்புவதில்லை. உயரமானவன் நெட்டைக் கஸ்பார், குட்டையானவன் கட்டைக் கஸ்பார். கல்யாணத்தை முறித்தவன் கட்டைக் கஸ்பார்.

முதல் பயணம். பன்னிரண்டு பேர் போக வேண்டிய தோணி. வாசலில் கட்டைக் கஸ்பாரை நிறுத்திவிட்டார்கள். பட்டியலில் பதினொரு பெயர்தான்! தோணி போயிற்று. அவன் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். "எம் பேரு எங்கன?" என்று கேட்டான். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியைப் பார்த்துத்தான் கேட்டான்.

"நான் அடிச்சேன் தம்பி. எனக்கு நல்லா நெனவிருக்கு" என்று அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

ஏன் மெதுவாகச் சொல்கிறாள்? எனக்குள் முதல் மணி அடித்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகு நான் அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். அதில் நான் கெட்டிக்காரன்! நான் எழுந்து அவள் பக்கம் போனால் திரையில் எதையோ மூடுகிறாள். தொலைபேசியில் பேசும்போது முந்தானையால் வாயை மறைக்கிறாள். மதியம் சாப்பிட்ட கையோடு கோயிலுக்குப் போகிறாள்... எதற்கு? என்ன வேண்டுதல்? இப்போது எண்ணிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் சாதாரணக் காரணம் இருந்திருக்கும். மனம் உடைந்த வீட்டில் பேசும் பேச்சை யார் சத்தமாகப் பேசுவார்கள்? ஆனால் அன்று எனக்கு ஒவ்வொன்றும் சாட்சி.

இரண்டாம் பயணம். மறுபடியும் பதினொன்று. மறுபடியும் கட்டைக் கஸ்பார்.

இந்த முறை அவனுடைய அம்மா வந்தாள். பகல் பதினொரு மணிக்கு, தெருவே பார்க்க, அலுவலக வாசலில் நின்று மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஏளா ஜெனிட்டா! கல்யாணம் நின்னுபோச்சு, அது வேற. எம் மவன் பொழப்புல மண்ணள்ளிப் போடுதியே, நீ வெளங்குவியா?"

"மாதா மேல சத்தியமா நான் செய்யல, மாமி" என்றாள் அக்கா. உறவு முறிந்த பிறகும் அவளை மாமி என்றுதான் அழைத்தாள். அதையும் நான் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மா போன பிறகு அண்ணாச்சி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "நடுவுல ஒரு பேரு போனா நம்பர் எடறும்லா? இதுல ஒண்ணுல இருந்து பதினொண்ணு வரைக்கும் சுத்தமா இருக்கு. மொத்தம் பதினொண்ணுன்னு கீழ வேற போட்டிருக்கு. தெரியாம நடந்த மாதிரி இல்லையே மாரி" என்றார்.

வரிசை எண்ணையும் மொத்தத்தையும் போடுவது என் ஸ்கிரிப்ட். அது எனக்குத் தெரியும்! அக்கா பெயரை எடுத்தாள், அதன்பின் என் ஸ்கிரிப்ட் எண்ணைச் சரிசெய்தது என்று நான் எனக்குள் கணக்காய்ச் சொல்லிக்கொண்டேன். அதை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. அவர் அவளைத் திட்டமிட்ட கள்ளி என்று நினைக்கத் தொடங்கியபோது நான் விளக்கவில்லை. அதுதான் என் முதல் வாய்மூடல். அதற்கு மேல் ஒரு படியும் ஏறினேன். "ஓலை வாசிச்சுட்டு விட்டவன் நல்லாருப்பானான்னு எங்கிட்டயே கேட்டா அண்ணாச்சி" என்றேன்.

சொல்லும்போது என் குரலில் வருத்தம் இருந்தது. அந்த வருத்தம் உண்மையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் அக்கா என் மேசைக்கு வந்தாள். கையில் ஒரு நோட்டு. பன்னிரண்டு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே சிவப்பு மையில் டிக். அடிக்க அடிக்க டிக் போட்டிருக்கிறாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காத. நெட்டையனுக்கும் கட்டையனுக்கும் ஒரே பேருங்கதால ஒன் மிஷினு கொழம்பியிருக்குமோ?"

கேட்டாள்! நேராக, சரியான இடத்தில் விரலை வைத்துக் கேட்டாள்!

"ஆளுதாங்க்கா கொழம்பும். மிஷினு கொழம்பாது" என்றேன். டிக் போடுவது யாருக்கும் சுலபம்தானே என்றும் சொன்னேன். அவள் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு நிமிடம் அந்த ஸ்கிரிப்டைத் திறந்து படித்திருந்தால் போதும். படிக்கவில்லை. ஊரில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், என் கையால் எழுதியதை மட்டும் சந்தேகப்படவில்லை.

மூன்றாம் பயணத்தின் பட்டியலுக்காக நான் காத்திருந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு என்பார்களே, அப்படி. கோப்பு வந்தது. திறந்தேன். திறந்த உடனே சேமித்தேன். அது என் விரலின் பழக்கம். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் கணினி படித்தவன் நான். திற, சேமி, பிறகு பார். பார்த்தேன்... கஸ்பார் ஒருவன்தான் இருந்தான்!

எனக்கு வருத்தம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. மாட்டிக்கொண்டாள் என்று உள்ளுக்குள் துள்ளினேன். இதையும் எழுதத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

அச்செடுத்த தாளை அண்ணாச்சியின் மேசையில் வைத்தேன். அவர் அக்காவைக் கூப்பிட்டார். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே விரலை ஓட்டினாள்.

"அண்ணாச்சி, இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? ஒண்ணு செய்வோம். அடுத்த தோணிக்கு நான் வரல. வீட்டுல இருக்கேன். லிஸ்டை மாரித் தம்பியே அடிக்கட்டும், அவனே பிரிண்டு எடுக்கட்டும். அப்பவும் பேரு போச்சுன்னா நான் இல்லைன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

"பேரு நின்னுச்சுன்னா?" என்றார் அண்ணாச்சி.

அவள் தாளைத் திரும்ப மேசையில் வைத்தாள். "நின்னுச்சுன்னா நான் திரும்பி வரல" என்றாள்.

தன் வேலையையும் பெயரையும் சேர்த்துப் பணயம் வைத்தாள். தான் செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அவ்வளவு தைரியம். அந்தத் தைரியத்தைக்கூட நான் திமிர் என்று நினைத்தேன்! அந்தத் தாளில் விட்டுப்போன பெயரை அண்ணாச்சியே பேனாவால் எழுதிச் சேர்த்து அனுப்பினார்.

அந்த வாரம் வந்தது. காலை பத்தரை மணி. அண்ணாச்சி துறைமுகத்துக்குப் போயிருந்தார். அக்காவின் நாற்காலி காலி. பன்னிரண்டு கடலோடிப் புத்தகங்களையும் அடுக்கி வைத்துக்கொண்டு நானே அடித்தேன். தோணியின் தலைவரான தண்டல் முதலில். நாலாவது நெட்டைக் கஸ்பார். பதினோராவது கட்டைக் கஸ்பார். கடைசியில் சமையல்காரர். பன்னிரண்டு. விரல் விட்டு எண்ணிவிட்டுச் சேமித்தேன்.

திரை ஒரு சிமிட்டுச் சிமிட்டியது. மொத்தம் பதினொன்று.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் கண் முன்னாலேயே, சமையல்காரர் ஒரு படி மேலே ஏறி கஸ்பாரின் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தேன். பன்னிரண்டு. சேமித்தேன். பதினொன்று. மறுபடியும் செய்தேன். எத்தனை முறை செய்தேன் என்று நினைவில்லை. பிறகுதான் ஸ்கிரிப்டைத் திறந்தேன். நான்கு வரிகள் இருந்தன. பெயரும் ஊரும் ஒன்றாக இருந்தால் இரண்டாவதை எடுத்துவிடு. எண்ணைப் பார்க்காதே.

கடற்கரையில் மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தாவின் பெயரை வைப்பார்கள். நெட்டையனின் அப்பா சவரியும் வைத்தார், அவர் தம்பியான கட்டையனின் அப்பா சிலுவையும் வைத்தார். அந்தத் தாத்தா கஸ்பார். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு பேரன்களுக்கும் முன்னெழுத்து எஸ். இருவரும் ஆலந்தலை. ஊர் அவர்களைப் பிரித்துப் பார்க்க வைத்த நெட்டையும் கட்டையும் பட்டியலில் ஏறாது. ஒரே பெயர், ஒரே ஊர் என்றால் ஒரே ஆள்தான் என்று எழுதியவன் விளாத்திகுளத்துக்காரன்! அக்கா அதைப் போல ஒரு வரி எழுதியிருக்கவே மாட்டாள்.

இதுவரைக்கும் தெரியாமல் நடந்தது. இனிமேல் நடந்ததைக் கவனியுங்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அண்ணாச்சி வந்ததும் திரையைக் காட்டி, இதோ பாருங்கள், கஸ்பாரை எடுப்பது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. சோதனை அதற்காகத்தானே வைக்கப்பட்டது! சோதனை சரியாகவே வேலை செய்தது. அவள் நிரபராதி என்று அந்தத் திரையே சொன்னது. பார்த்த ஒரே ஆள் நான்.

நான் செய்தது இது. அந்த நான்கு வரிகளில் ஒன்றைத் திருத்தினேன். எண்ணையும் சேர்த்து ஒப்பிடு என்று எழுதினேன். சேமித்தேன். பன்னிரண்டு நின்றது. அச்செடுத்தேன்.

ஏன் என்கிறீர்களா? வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அது மட்டும் என்று சொன்னால் பொய். மிஷின் குழம்பாது என்று அவள் முகத்துக்கு நேரே சொன்ன வாயால், குழம்பியது என் மிஷின்தான் என்று எப்படிச் சொல்வது? வெட்கம். வெறும் வெட்கம்! முதலில் திருத்திவிடுவோம், அப்புறம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அந்த அப்புறம் வரவே இல்லை.

எப்போதும் நான் செய்யும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மேலே எதற்காகத் திருத்தினேன் என்று ஒரு குறிப்பு எழுதி வைப்பேன். அந்த ஒன்றுக்கு மட்டும் எழுதவில்லை. தெரியாமல் செய்பவன் குறிப்பை விடுவானா?

பன்னிரண்டரை மணிக்கு அண்ணாச்சி வந்தார். தாளைப் பார்த்தார். உதட்டுக்குள் எண்ணினார்.

"பாத்தியாலே! அவ கை படல, பேரு நிக்கி."

நான் வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் தொலைபேசியை எடுத்து, எனக்கும் கேட்கும்படி மேசையில் வைத்துவிட்டார்.

"ஏளா ஜெனிட்டா, லிஸ்டு சரியா வந்துட்டு."

அந்தப் பக்கம் பின்னால் எங்கோ குக்கர் விசில் மட்டும் கேட்டது.

"பன்னெண்டு பேருமா அண்ணாச்சி?"

"பன்னெண்டும்."

"ரெண்டு கஸ்பாரும்?"

"ரெண்டு பேரும் இருக்கானுவ."

"சரி அண்ணாச்சி" என்றாள். வைத்துவிட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அண்ணாச்சிகூட ஒரு மாதிரி ஆகிவிட்டார். "பத்து வருசமா இருந்த புள்ள..." என்று முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடாமல் எழுந்துபோனார்.

அன்றோடு நின்றதா? துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் அலுவலகங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று எட்டிப் பார்க்கிற தூரம்தான். ஆள் பட்டியலில் கை வைத்தவள் என்ற பேச்சு ஒரே வாரத்தில் எல்லா மேசைக்கும் போய்ச் சேர்ந்தது. அவளை யாரும் காகித வேலைக்கு எடுக்கவில்லை. அவள் தங்கைக்கு வந்த இன்னொரு சம்பந்தமும் தட்டிப்போயிற்று என்று கேள்விப்பட்டேன். "அக்காக்காரி லட்சணம் இதுன்னா..." என்றார்களாம்.

அதன்பின் எந்தப் பயணத்திலும் கஸ்பாரின் பெயர் போகவில்லை. எப்படிப் போகும்? நான் திருத்திவிட்டேனே! ஆனால் ஊருக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது. அவள் போனாள், குற்றமும் போயிற்று. என் திருத்தம் நாளுக்கு நாள் அவள் மேல் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. இன்றும் சொல்கிறது.

கட்டைக் கஸ்பார் மாலத்தீவிலிருந்து திரும்பி வந்ததும் எனக்கு ஒரு பொட்டலம் மாசிக் கருவாடு கொண்டுவந்து கொடுத்தான். "நீங்க கண்டுபிடிக்கலன்னா நான் இந்தக் கரையிலயே கெடந்திருப்பேன் அண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டான். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பானே! வீட்டில் அதைச் சம்பலாக இடித்து வைத்தார்கள். நான் அதைத் தொடவில்லை.

இப்போது சந்தேகம் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. அண்ணாச்சி என்னைக் கூர்ந்து பார்த்தால், தெரிந்துவிட்டதோ? எவராவது என் கணினியில் உட்கார்ந்தால், அந்த வரியைப் படித்துவிடுவாரோ? கோயில் மணி அடிக்கும்போது அந்தப் பக்கமாகப் போவதையே விட்டுவிட்டேன். நான் வேறு சாமி கும்பிடுகிறவன். ஆனாலும் பயமாக இருக்கிறது.

சொல்லியிருக்கலாம் என்று எத்தனையோ முறை அவள் வீட்டுத் தெருமுனை வரைக்கும் போயிருக்கிறேன். போய்த் திரும்பியிருக்கிறேன்.

இப்படியே சில வருடங்கள் ஓடின. சென்ற மாதம் முகவரி மாற்றத்துக்காக ஒரு விண்ணப்பம் தேவைப்பட்டது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தேன். கணினியின் பின்னாலிருந்து தலை நிமிர்ந்தது. ஜெனிட்டா அக்கா!

திரும்பி ஓடிவிடத்தான் நினைத்தேன். அவள் அதற்குள் சிரித்துவிட்டாள்.

"வா தம்பி! நல்லாருக்கியா? அண்ணாச்சி எப்படி இருக்காவ?"

முடி நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். நான் பெயரையும் முகவரியையும் சொல்லச் சொல்ல அடித்தாள். முன்பு அவள் விரல் எவ்வளவு வேகம் தெரியுமா! இப்போது ஒரு சொல்லை அடித்துவிட்டு நிறுத்துகிறாள். என் ஆதார் அட்டையைப் பார்க்கிறாள். திரையைப் பார்க்கிறாள். திரும்பவும் அட்டையைப் பார்க்கிறாள். பின்னால் நின்ற ஒருவர், "சீக்கிரம் அடிங்கம்மா, பஸ் போயிரும்" என்று சலித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, அன்னைக்கு அந்த லிஸ்டு... நான் வராத அன்னைக்கு நீ அடிச்சியே. அதுல நீ ஒண்ணும் மாத்தலையே? எப்பவும் செய்யுத மாதிரிதானே செஞ்ச?"

இதோ கதவு. அவளே திறந்து வைத்துவிட்டாள். நான் உள்ளே காலை எடுத்து வைத்தால் போதும்.

"இல்லக்கா. எப்பவும் போலத்தான்" என்றேன்.

அவள் தலையை மெல்ல ஆட்டினாள்.

"அப்போ எங் கையிலதான் என்னமோ கோளாறு இருந்திருக்கு. அவன் மேல உள்ள ஆத்திரத்துல எனக்கே தெரியாம நாந்தான் எடுத்துட்டேனோ என்னமோ... மனசுக்குள்ள என்ன கெடக்குன்னு யாரு கண்டா? பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டக்கூடச் சொல்லிட்டேன். செஞ்சேனா இல்லையான்னு தெரியாத பாவத்துக்கும் மன்னிப்பு உண்டான்னு கேட்டேன்."

என் பாவத்துக்கு அவள் மண்டியிட்டிருக்கிறாள்!

நான் கீழே குனிந்து சட்டைப் பையில் எதையோ தேடுவது போல நின்றேன்.

விண்ணப்பத்தை அச்செடுத்து என் முன்னால் வைத்தாள். பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து ஓர் எழுத்து விடாமல் தடவினாள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை.

"எதுக்கும் நீ ஒரு தடவ பாத்துரு தம்பி. எங் கண்ணை எனக்கே நம்ப முடியல."

பார்த்தேன். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

"சரியா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.